கீழே விழுந்ததை எடுக்கும் கருவிகள்: நாலு வருஷப் பழக்கத்தில் தெரிந்தது

நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவில் சுங்கை சிப்புட் வீட்டு வாசலில் என் இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் இன்ஜின் தலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட் விரலிலிருந்து நழுவி, டைமிங் செயின் ஓடும் பள்ளத்துக்குள் போய்விட்டது. அதை எடுக்காமல் ஸ்டார்ட்டரை மிதிக்கவே கூடாது. போல்ட் செயினில் சிக்கினால் இன்ஜின் போச்சு. மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பவேண்டும். கம்பியை வளைத்துத் துழாவியே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

அன்றைக்குப் பட்டணத்து இரும்புக் கடையில் 12 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியதுதான் என் முதல் காந்தக் குச்சி. மடக்கினால் பேனா அளவு, இழுத்தால் 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். ஆனால் உள்ளே விட்டதும் போல்ட்டுக்குப் போகாமல் செயினில் போய் ஒட்டிக்கொண்டது. திரும்பத் திரும்ப அப்படியே. பக்கத்து வீட்டு அண்ணன் பழைய மெக்கானிக். வந்து பார்த்துவிட்டு, "தம்பி, காந்தத்துக்கு மேலே தடித்த ரப்பர் ஹோஸை மாட்டு, மூக்கு மட்டும் தெரியட்டும்" என்றார். காந்தத்தின் இழுப்பு தூரம் கூடக்கூட வேகமாகக் குறையும். ரப்பரின் தடிப்பு பக்கவாட்டுச் செயினை எட்ட விடாது. முனை மட்டும் வேலை செய்யும். ஐந்து நிமிஷத்தில் போல்ட் மேலே வந்தது. இந்தக் கருவியை வாங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது அந்த ரப்பர் துண்டைத்தான்.

கைப்பிடியில் 2 கிலோ தூக்கும் என்று அச்சிட்டிருந்தது. தட்டையான கனத்த இரும்பில் முகம் முழுக்கப் படிந்து, நேராக இழுத்தால்தான் அந்தக் கணக்கு. உருண்டைத் தலை போல்ட்டில் ஓரமாக ஒட்டினால் அதில் சிறு பங்குகூட வராது. அதனால் எடுத்ததும் வெடுக்கென்று இழுக்காமல், எதிலும் இடிக்காமல் மெல்ல ஏற்றுங்கள். சூடான இன்ஜினுக்குள் விடாதீர்கள். சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும். வீட்டில் யாருக்காவது நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால், குச்சியை அவர்கள் உடம்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருங்கள்.

காந்தத்தை நம்பும் முன் விழுந்த பொருள் எதனால் ஆனது என்று யோசிக்கவேண்டும். போன வருஷம் மழை நாளில் வீட்டுச் சாவி லோங்காங்குக்குள், அதாவது சாக்கடைக்குள் விழுந்தது. மேலே இரும்புக் கம்பி மூடி. குச்சியை இறக்கினால் முதலில் கம்பியில் ஒட்டுகிறது. அங்கேயும் ரப்பர் ஹோஸ்தான் கைகொடுத்தது. ஆனால் சாவி அசையவில்லை. வீட்டுச் சாவிகள் பெரும்பாலும் நிக்கல் பூசிய பித்தளை, காந்தத்தில் ஒட்டாது. சாவியை மேலே கொண்டுவந்தது அதில் தொங்கிய எஃகு வளையம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒவ்வொரு சாவியிலும் ஓர் எஃகு வளையம் உண்டு. தங்கம், வெள்ளி, அலுமினியம், செம்பு எதுவும் ஒட்டாது. சில்வர் ஸ்பூன் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத எஃகிலும் பல ரகம் ஒட்டாது.

அதற்காக வாங்கியது ஸ்பிரிங் நகக் குச்சி. பின்னால் அழுத்தினால் முனையில் நாலு கம்பி நகம் விரியும், விட்டால் மூடும். நேரான இடத்தில் அருமை. மைவி காரில் சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையே விழும் காசு, பாத்ரூம் குழாயில் அடைத்த முடி, எல்லாம் எடுத்திருக்கிறேன். குழாய் வளைந்தால்தான் வம்பு. உள்கம்பி உரசி, நகம் பாதிதான் விரியும். அம்மாவின் கம்மல் திருகாணி சிங்க்கில் விழுந்தபோது இதை விட்டு முக்கால் மணி நேரம் முயன்றேன், கிடைக்கவில்லை. கடைசியில் கீழே வாளியை வைத்து, சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயைக் கையால் திருகிக் கழற்றினேன். சகதியோடு சகதியாகத் திருகாணி அங்கேயே கிடந்தது. சிங்க்கில் தங்கம் விழுந்தால் முதல் வேலை தண்ணீர்க் குழாயை மூடுவது, அடுத்தது அந்த வளைவைக் கழற்றுவது. குச்சி வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் இந்த ஸ்பிரிங் சீக்கிரம் துருவேறும், மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

போனில் மாட்டும் ஒயர் கேமராவும் ஒன்று வைத்திருக்கிறேன். பொருள் எங்கே கிடக்கிறது என்று தெரியாவிட்டால் மட்டும் எடுப்பேன்.

ஆனால் வீட்டில் தினமும் பயன்படுவது அம்மாவின் நீளக் கிடுக்கி. 80 சென்டிமீட்டர் கம்பு, கைப்பிடியில் விசை, முனையில் ரப்பர் வாய். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் இருபது வருஷம் உதிரிப் பழம் பொறுக்கிய முதுகு அது. நன்றாகப் பழுத்த குலையிலிருந்துதான் பழம் உதிரும், அதில் எண்ணெய் அதிகம். அதனால் ஒன்று விடாமல் பொறுக்கவேண்டும்; ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு குனிதல். இப்போது எழுபத்திரண்டு வயதில் கட்டிலுக்கு அடியில் போன மாத்திரைப் பட்டையை எடுக்க, நான் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தார். அதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

35 வெள்ளிக்கு வாங்கிய முதல் கிடுக்கி ஒன்றரை வருஷம் வந்தது. மடிக்கும் மாடல், மூட்டு ஆடிப்போனது. மடிக்காத மாடலையே வாங்குங்கள். முனை ரப்பர் வெயிலிலும் ஈரத்திலும் பிசுபிசுத்து உதிரும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினால் புதிதைவிட நன்றாகப் பிடிக்கிறது. அரைக் கிலோவுக்கு மேல் தூக்கினால் வாய் நழுவும், பால் டின் வேண்டாம். மாத்திரைப் பட்டை, துணிக் கிளிப், தரையில் விழுந்த துண்டு, கண்ணாடிக் கூடு, இவற்றுக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. இரண்டாவது கிடுக்கி இப்போது அம்மாவின் கட்டில் கால் ஓரமாக ஆணியில் தொங்குகிறது. நேற்று அலமாரிக்குப் பின்னால் விழுந்த விபூதி டப்பாவை அவரே எடுத்துவிட்டு, சாயந்திரம் வந்ததும் எனக்குக் காட்டினார்.