ஹுசைன் செரிகிராஃபா, பழைய ரவி வர்மா படமா? செங்கோட்டைச் சாரலில் எடுத்த முடிவு

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் துணி காயாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சாரல் காற்று கூடம் வரைக்கும் புகுந்துவிடும். தீப்பெட்டி நமத்துப்போகும், அப்பளம் நமத்துப்போகும், அலமாரிப் புத்தகங்கள் எல்லாம் அட்டை நெளிந்து நிற்கும். இப்படிப்பட்ட வீட்டில், ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து, தாளில் அச்சான ஒரு படத்தை வாங்கி மாட்டலாமா? ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் வீட்டுக்காரரும் மாதக்கணக்கில் பேசியது இதைத்தான்.

மூன்று வழி இருந்தது. ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் அன்னை தெரசா படங்களில் ஒன்று, செரிகிராஃப், அதாவது திரை அச்சில் வந்த படம், எண்ணிட்டுப் பென்சிலில் கையெழுத்திட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பார்த்து வைத்திருந்த பழைய ரவி வர்மா ஓலியோகிராஃப், அதாவது எண்ணெய் ஓவியம் போலத் தெரியும் அச்சுப் படம், சரஸ்வதி. இல்லையென்றால் ஏதாவது பெரிய ஓவியத்தின் கேன்வாஸ் பிரதி. நாங்கள் வாங்கியது ஹுசைன். அதனால் என் மனம் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேன்வாஸ் பிரதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இங்க்ஜெட்டில் அடிப்பது. விலை குறைவு, சுவரை நிறைக்கும், கண்ணாடி வேண்டாம். பாலக்காட்டில் தம்பி வீட்டில் ஒன்று நான்கு வருஷமாக மாட்டியிருக்கிறது. நிறம் அப்படியே இருக்கிறது; மழைக்காலத்தில் மட்டும் நடுவில் லேசாகத் தொய்யும், வெயில் வந்தால் சரியாகிவிடும். நான்கு வருஷத்தை வைத்து இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பின்னால் விற்கலாம் என்ற எண்ணத்தோடு மட்டும் வாங்காதீர்கள். அதே படத்தை நாளைக்கும் அடித்துத் தருவார்கள்.

ரவி வர்மாவை அப்படித் தள்ள முடியவில்லை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அவர் பிறந்த கிளிமானூர் மலைக்கு அந்தப் பக்கம்தான். எங்கள் பூஜை அறையில் இருக்கும் லட்சுமி, அத்தை, அதாவது என் மாமியார், கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அங்கே இருக்கிறாளாம். 1894இல் பம்பாயில் ரவி வர்மா தொடங்கிய அச்சகம் பிறகு லோணாவளா பக்கம் மாறி, ஒரு ஜெர்மன் தொழில்நுட்பக்காரர் கைக்குப் போனது. ரவி வர்மா 1906இல் இறந்த பிறகும் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லில் படம் எழுதி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒற்றி, எண்ணெய் ஓவியம் போலத் தெரிய மேலே வார்னிஷ் பூசுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அதன்மேல் ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்து அம்மனுக்குச் சேலை கட்டியிருப்பார்கள். காரைக்குடியில் பார்த்த சரஸ்வதிக்கும் அப்படி ஜரிகைக் கரை இருந்தது. அரைமணி நேரம் அதன் முன்னாலேயே நின்றேன்.

நின்ற பிறகுதான் தாளைப் பார்த்தேன். அந்தக் காலத்துத் தாள் பெரும்பாலும் மரக்கூழ். அதற்குள்ளேயே அமிலம் இருக்கிறது. வருஷம் போகப் போகப் பழுப்பேறி, ஓரம் அப்பளம் போல் நொறுங்கும். மேலே இருக்கும் வார்னிஷும் மஞ்சளாகும். சரஸ்வதியின் வெள்ளைச் சேலை டீ கொட்டிய நிறத்தில் இருந்தது. அது பழமையின் அழகு என்றார் கடைக்காரர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழுப்பு நின்றுவிட்ட பழுப்பு இல்லை. எங்கள் ஊர் ஈரத்தில் இன்னும் வேகமாகப் போகும். இன்னொன்று, இவை இத்தனைதான் என்று எண்ணி அடித்தவை அல்ல. வீட்டுக்கு வீடு சாமி படம் போக வேண்டும் என்று அடித்தவை. அது ரவி வர்மா செய்த பெரிய காரியம். ஆனால் வாங்குகிறவருக்கு எது முதல் அச்சு, எது பிறகு வந்தது, எது போன மாதம் பழசாக்கப்பட்டது என்று பிரித்துப் பார்க்கத் தேர்ந்த கண் வேண்டும். எனக்கு அந்தக் கண் இல்லை.

இனி செரிகிராஃப். கல்யாணப் பத்திரிகைக்கு அடிக்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, அதில் நிறம் போக வேண்டிய இடம் மட்டும் திறப்பு, ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் தாளில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. இருபது நிறம் என்றால் ஒவ்வொரு தாளும் இருபது தடவை இம்மி பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும். ஹுசைனே பட்டையைப் பிடித்து இழுத்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த மாதிரிப் பதிப்புகளில் ஓவியத்தை நிறம் நிறமாகப் பிரித்து அடிப்பது அச்சுக் கலைஞர்கள். ஓவியர் பார்த்து ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவார். எங்களுடையதில் இடது ஓரத்தில் 112/150, அதாவது நூற்றைம்பது பிரதியில் 112ஆவது, வலது ஓரத்தில் கையெழுத்து, இரண்டும் பென்சில். 112 என்பதால் மட்டம் இல்லை. திரை அவ்வளவு சீக்கிரம் தேயாது.

வாங்கப் போகும்போது ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போங்கள். சாதாரண அச்சு என்றால் நிறம் புள்ளி புள்ளியாக உடையும். செரிகிராஃபில் நிறம் ஒரே பரப்பாக, கெட்டியாக, ஓரம் வெட்டினாற்போல் நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்தால் ஒரு மை இன்னொரு மையின் மேல் ஏறியிருக்கும் மேடுகூடத் தெரியும். பென்சில் கையெழுத்தும் அப்படித்தான், தாளில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். ஹுசைன் பெயரில் போலிகள் நிறைய உலவுகின்றன. பில்லும் சான்றிதழும் தராதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

படத்தைப் பார்த்ததும் அத்தை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஏம்மா, மூஞ்சியே இல்லையே?” ஹுசைனின் தெரசாவுக்கு முகம் கிடையாது. சேலைக்குள் இருட்டு, நீலக் கரை, மடியில் ஒரு குழந்தை. பண்டரிபுரத்தில் பிறந்த அவர் ஒன்றரை வயது வாக்கிலேயே தாயை இழந்தவர், தாயின் முகமே அவருக்கு நினைவில் இல்லை என்று சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப சரிதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். பம்பாயில் சினிமா பேனர் எழுதிப் பிழைத்த கை அது. தூரத்திலிருந்து பார்த்தாலும் ஒரு கோட்டில் ஆள் எழுந்து நிற்பது அந்தப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். 2007இல் கேரள அரசு ரவி வர்மா பெயரிலான விருதை ஹுசைனுக்குத்தான் அறிவித்தது, அது வழக்குக்கும் போனது. நாங்கள் தராசின் இரண்டு தட்டிலும் வைத்து எடை போட்ட இருவரையும் கேரளம் ஏற்கெனவே ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறது.

முடிவு செய்தது இதெல்லாம் இல்லை. எங்கள் படத்தில் அந்தச் சேலையின் வெள்ளை, மை கிடையாது. அச்சிடாமல் விட்ட தாள். தாள் பழுத்தால் சேலை பழுக்கும். செரிகிராஃபுக்குப் பயன்படுத்தியிருப்பது அமிலமில்லாத பருத்தித் தாள். ஓலியோகிராஃபைப் போல உள்ளிருந்தே கெடாது. வெளியிலிருந்து வரும் கேட்டை மட்டும் நாம் தடுத்தால் போதும். ‘மட்டும்’ என்று லேசாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் உள்ளூரில் ஒரு கடையில் பிரேம் போட்டோம். நாலு மூலையிலும் டபுள் சைடு டேப், பின்னால் ஹார்ட்போர்டு, இடைவெளி விடும் அட்டைச் சட்டமான மவுண்ட் இல்லாமல் கண்ணாடி நேராகத் தாளின் மேல். மேற்குச் சுவரில் மாட்டினோம், சாரல் அடிக்கிற சுவர் அது. ஆடி மாசம் ஒருநாள் துடைக்கும்போது பார்க்கிறேன், நீலக் கரையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஈரம் பட்ட மாதிரி மினுமினுப்பு. கண்ணாடியில் கோத்த ஈரத்தில் மை இளகி ஒட்டியிருக்கிறது. கீழ் ஓரத்தில் மிளகு தூவினாற்போல் மூன்று பழுப்புப் புள்ளி, பூசணம். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

திருவனந்தபுரத்தில் காகிதப் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரிடம் மடியில் வைத்துக் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைத் தனியாக எடுக்கவே ஒரு பகல் ஆனது. புள்ளிகள் மங்கிவிட்டன, அந்த மினுமினுப்பு இன்னும் இருக்கிறது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும்.

அவர் சொல்லிக்கொடுத்தபடி இப்போது இருப்பது இப்படி. கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் கனமான அமிலமில்லாத மவுண்ட். தாள் மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் கீற்று இரண்டில், கோதுமை ஸ்டார்ச் பசையில் தொங்குகிறது. மற்ற மூன்று பக்கமும் விட்டிருக்கிறது, ஈரத்தில் விரிந்தாலும் நெளியாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி. பின்னாலும் அமிலமில்லாத போர்டு, சுற்றிலும் டேப் போட்டு அடைப்பு. இந்த அடைப்பை எப்போது போடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மாசி, பங்குனியில், காற்று உலர்ந்திருக்கும்போது அடைக்க வேண்டும். சாரலில் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும். பிரேமின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டியிருக்கிறோம், சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போக. மாட்டியிருப்பது வெயிலும் சாரலும் படாத நடுச்சுவர். ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும் என்றார். காற்றின் ஈரத்தைக் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கி வைத்தேன். ஆடியில் எங்கள் கூடம் 85 காட்டுகிறது. அதனால்தான் அந்த அடைப்பு.

இவ்வளவுக்கும் ஆன செலவு படத்தின் விலையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. வாங்கும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கையில் அவ்வளவு இல்லையென்றால், சாரல் ஊரில் செரிகிராஃப் வேண்டாம், கேன்வாஸ் பிரதியே நல்லது. மறந்தும் தாளின் வெள்ளை ஓரத்தைப் பிரேம் அளவுக்கு வெட்ட விடாதீர்கள். எண்ணும் கையெழுத்தும் மிஞ்சினாலும் ஓரம் போன பதிப்புக்கு மதிப்புக் குறைந்துவிடும்.

மறுவிற்பனையில் எனக்கு அனுபவம் கிடையாது, நான் எதையும் விற்றதில்லை. வாங்க அலைந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன்: போன இடமெல்லாம் முதலில் கேட்டது பில், அடுத்தது ஓரமும் புள்ளியும். எங்களுடையதை நாளைக்கு விற்றால் அந்தக் கட்டைவிரல் மினுமினுப்புக்கு விலையைக் குறைப்பார்கள். ஜரிகை வைத்த நல்ல ஓலியோகிராஃப் ஒன்று அதைவிட அதிகம் போகக்கூடும்.

போன பங்குனியில் பூஜை அறை லட்சுமியையும் கழற்றினோம். பின்பக்க அட்டையைப் பிரித்தால் ராமபாணப் பூச்சி அரித்த தூள் உள்ளங்கையளவு விழுந்தது. தாமரை இதழ் ஒன்றும் யானையின் துதிக்கை நுனியும் போய்விட்டன. மீதியை அதே மாதிரி மவுண்ட் வைத்து, அடைத்து, மாட்டியாயிற்று. குங்குமம் கண்ணாடியின் மேல்தான் வைக்கிறார்கள் அத்தை, முன்னைப் போலவே.