லைசென்ஸ் இருக்கிறது, இனி எங்கே கற்பது? சென்னையில் நான்கு வழிகள்

போன ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஓ.எம்.ஆரில் பெருங்குடி தாண்டி வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன ஷேர் ஆட்டோவை யாரோ கைகாட்டினார். அது நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். என் கார் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) இல்லாத பழைய மாடல். சக்கரம் பூட்டிக்கொண்டு, வழுக்கிப் போய் ஆட்டோவின் பின்பக்கம் முட்டியது. யாருக்கும் காயமில்லை. பின் சீட்டில் என் மகள் இருந்தாள்.

பதினொரு வருடமாக ஓட்டுகிறேன். ஷேர் ஆட்டோ எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் ஒட்டிக்கொண்டு போனேன். 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். 17,884 பேர் இறந்துபோனார்கள். அந்த ஆட்டோவில் இருந்தவர்களில் யாராவது ஒருவர் என்னால் இப்படி ஒரு கணக்கில் சேர்ந்திருக்கலாம் என்ற நினைப்பு பல நாள் தூங்கவிடவில்லை. மறுபடி கற்றுக்கொள்வது என்று முடிவுசெய்து விசாரித்தபோது நான்கு வழிகள் தெரிந்தன. மூன்றில் நான் போய்ப் பார்த்தேன். மிச்சமிருந்த ஒன்றில் என் அத்தை பையன் போனான்.

முதலில் தெருமுனை டிரைவிங் ஸ்கூல். செலவு குறைவு, வீட்டு வாசலுக்கே வண்டி வரும். மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் இருப்பதால் பயமில்லை. லைசென்ஸ் எடுத்துவிட்டுப் பல வருடம் ஸ்டீயரிங்கையே தொடாதவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. என் மாதிரி தினமும் ஓட்டுபவர்களுக்கு அங்கே கிடைப்பது கொஞ்சம்தான். நான் போன இடத்து மாஸ்டர் அன்பானவர், பொறுமைசாலி. ஆனால் அவர் சொன்னதெல்லாம் வண்டியைப் பற்றி: கிளட்ச், கியர், ரிவர்ஸ் பார்க்கிங். எதிரே வருகிறவர் அடுத்து என்ன செய்வார் என்று ஊகிப்பதைப் பற்றி ஐந்து வகுப்பிலும் ஒரு பேச்சு வரவில்லை.

ஆன்லைன் வகுப்புகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கர்களுக்காகச் செய்தவை. அங்கே பல மாநிலங்களில் இந்த வகுப்பை முடித்தால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு. அதனால் அங்கே அதற்கு ஒரு சந்தையே இருக்கிறது. அவர்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள். படத்தில் காட்டும் ஒவ்வொரு திருப்பத்தையும் மனதில் இடம் வலம் மாற்றிப் பார்க்கவேண்டும். அடிப்படையைப் புரிந்துகொள்ள ஒரு மாலை நேரம் பார்க்கலாம். கால் பிரேக்கில் பழக அது உதவாது.

அத்தை பையன் தேர்ந்தெடுத்தது ரேஸ் தடப் பயிற்சி. ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறதே, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டி 1990-லிருந்து நடத்தும் தடம், அங்கே. வளைவில் எங்கே பார்ப்பது, எவ்வளவு பிரேக் கொடுத்தால் சக்கரம் பிடி விடும் என்பதையெல்லாம் உடம்புக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவனுடைய புது பைக்கில் ஏ.பி.எஸ். உண்டு. முழு பலத்தோடு பிரேக் பிடித்தால் லீவர் துடிக்கும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை துடித்தால் பயந்து கையை எடுத்துவிடுவானாம். இது உயிர் காக்கும் பாடம், சந்தேகமில்லை.

ஆனாலும் பாதுகாப்புக்காக மட்டும் போகிறவர்களுக்கு இதை நான் முதலில் சொல்லமாட்டேன். நார்வேயில் 1979-லிருந்து புது ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, இளம் ஆண்களிடையே விபத்து கூடியிருந்தது. ஸ்வீடனில் 1996-ல் வெளியான ஓர் ஆய்வு காரணத்தைக் கொஞ்சம் காட்டியது. ஒரு குழுவுக்கு வழுக்கலைச் சமாளிக்கும் திறமையைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அவர்களுடைய திறமையின் எல்லையைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சோதித்தபோது இரண்டு குழுவும் ஒரே மாதிரிதான் ஓட்டின. ஆனால் முதல் குழு தன்னைக் கெட்டிக்காரராக நினைத்துக்கொண்டது. அத்தை பையனும் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து திரும்பிய வாரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் எப்படி ஓட்டினான் என்று பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். இறங்கியதும் அவனிடம் நேராகவே சொன்னேன்: "டேய், இங்க தண்ணி லாரி வரும், மாடு வரும், நம்மள மாதிரி யாரும் டிரெயினிங் எடுத்துட்டு வரமாட்டாங்க." கேட்டுக்கொண்டான்.

சரி, நான்காவது. டிஃபென்சிவ் டிரைவிங் என்கிற தற்காப்பு ஓட்டுதல் வகுப்பு. காலையில் இரண்டு மணி நேரம் பாடம், அப்புறம் ஒரு காலி மைதானத்தில் பிரேக் பயிற்சி, மதியத்துக்கு மேல் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் காரில், நாம் தினம் போகும் பாதையில் ஓட்டம். நான் போனவற்றில் எனக்கு அதிகம் செலவானதும் இதுதான். பணம் மட்டும்தான் இடிக்கிறது என்றால் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஊழியர்களுக்கென்று நடத்துகிறார்கள்.

இதன் வேர் 1952-ல் அமெரிக்காவில் ஹரோல்டு ஸ்மித் வகுத்த ஐந்து பழக்கங்கள்: தூரத்தில் பார், சுற்றிலும் நடப்பதை முழுதாகப் பார், கண்ணை ஓர் இடத்தில் நிறுத்தாதே, தப்பிக்க ஒரு வழி வைத்துக்கொள், நீ இருப்பது அடுத்தவருக்குத் தெரியட்டும். படித்தால் சாதாரணமாகத் தெரியும். மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் வரை இந்த ஐந்தையும் விடாமல் செய்துபாருங்கள், சட்டை நனைந்துவிடும்.

பயிற்சியாளர் முதலில் கைவைத்தது என் இடைவெளியில். முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ணவேண்டும். எண்ணி முடிப்பதற்குள் நாம் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். மழையில் நான்கு வரை எண்ணவேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கில் பதிய ஒன்றரை நொடி ஆனால், வண்டி மெதுவாகத் தொடங்குவதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். அன்றைக்குப் பெருங்குடியில் எனக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் இடையே மிஞ்சினால் ஆறு மீட்டர் இருந்திருக்கும்.

"சார், இடைவெளி விட்டா நாலு பைக் உள்ள வந்துடும்" என்றேன். சென்னையில் எல்லோரும் சொல்வது இதுதானே. அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு வண்டி உள்ளே வந்தால் மறுபடி இடைவெளி எடுக்க நமக்கு ஏறக்குறைய இரண்டு நொடி போகும். வழி முழுக்க முப்பது வண்டி நுழைந்தாலும் ஒரு நிமிடம். நான் இத்தனை வருடம் பிடிவாதமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிடத்தைத்தான். இந்த ஒரு பாடத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்தது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. "இடப்பக்கம் பஸ் நிற்கிறது, அதற்கு முன்னாலிருந்து ஆள் வரலாம். யூ டர்னில் ஒரு ஆட்டோ, டிரைவர் என்னைப் பார்க்கவில்லை. லாரியின் கண்ணாடி எனக்குத் தெரியவில்லை, அப்படியென்றால் நானும் அவருக்குத் தெரியமாட்டேன்." முதல் பத்து நிமிடம் எனக்கு வாயே வரவில்லை. எதையும் பார்க்காமலேதான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இறங்கும்போதும் ஒன்று சொன்னார்: ஓட்டுகிற நாம் கதவை இடக்கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் பைக் கண்ணில் படும்.

இந்த வகுப்பிலும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு மறுபயிற்சி கொடுப்பதால் விபத்து குறைகிறதா என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2003-ல் வந்தது. குறைகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. எனக்கே அது புரிந்தது. மூன்றாவது வாரம் பழையபடி முன்னால் போகும் வண்டியை ஒட்டிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தேன். வகுப்பு ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது, பழக்கம் பதினொரு வருடத்தது.

அதனால் ஒப்பிட்டுச் சொல்வதென்றால், ஸ்டீயரிங் மறந்துபோனவர் தெருமுனை ஸ்கூலுக்குப் போகட்டும். பைக்கில் பிரேக் பிடிக்கவே பயப்படுகிறவர் ஒரு நாள் தடத்துக்குப் போய்வரலாம். தினமும் ஓட்டுகிறவர்களுக்குத் தற்காப்பு வகுப்பு. ஆனால் அது முடிந்த பிறகு மாதம் இரண்டு முறையாவது, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓட்டவேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர் அந்தப் பணத்தில் நான்கு புது டயர் போடலாம்.

எங்கள் வீட்டில் பக்கத்தில் உட்காருவது மகள். பதினாறு வயதாகிறது, முன் சீட்டு அவளுடையது. முன்வண்டி கம்பத்தைத் தாண்டும்போது நான் எண்ணாமல் போனால் அவள் எண்ணுவாள். போன வாரம் திருவான்மியூரில் நின்றிருந்த பஸ்ஸைத் தாண்டப் போனேன். "அப்பா, பஸ்ஸுக்கு அடியில பாருங்க, கால் தெரியுது" என்றாள். நிறுத்தினேன். ஒரு பாட்டி, கையில் பூக்கூடையோடு, பஸ்ஸின் முன்பக்கமாகக் கடந்து போனார்.