ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4: வானத்தை மறந்து தரையில் அடி வாங்கியவனின் விமர்சனம்

இரண்டாம் உலகப் போரில் ஒரு நாட்டை எடுத்து நடத்தும் இந்த வியூக கேம் 2016-ல் வந்தது. நான் பல வருடமாக விளையாடுகிறேன், ஆனால் விமானப்படை என்றால் நாலு விங்கை (விமானக் குழுவை) ஏதாவது ஒரு வட்டாரத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுவதுதான் என் வழக்கம். டாங்க் டிவிஷன் அமைப்பதெல்லாம் அத்துப்படி, வானம் மட்டும் பிடிபடவே இல்லை.

போன மாதம்தான் புத்தி வந்தது. ஜெர்மனியை எடுத்துக்கொண்டு 1941-ல் சோவியத்துக்குள் இறங்கினேன். மின்ஸ்க் வரை மளமளவென்று போன படை ஸ்மோலென்ஸ்க் பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது, மேப்பில் சண்டைக் குமிழ்கள் வரிசையாகச் சிவப்பு. சப்ளையா, எரிபொருளா, டிவிஷன் அமைப்பா என்று எல்லாவற்றையும் துழாவிவிட்டு கடைசியில் விமானப் பக்கத்தைத் திறந்தால், என் விமானங்கள் எல்லாம் இன்னும் வார்சாவிலேயே உட்கார்ந்திருக்கின்றன! முன்னணி நகர்ந்தது, அவை நகரவில்லை. தளத்திலிருந்து பறக்கும் தூரம் அந்த வட்டாரத்தில் எவ்வளவு இடத்தை எட்டுகிறதோ அந்த அளவுக்குத்தான் மிஷன் பலன் தரும். சரி என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், புதிதாகப் பிடித்த லெவல் 1 தளத்தில் இறக்கினேன். ஒரு லெவலுக்கு 200 விமானம்தான் கொள்ளளவு, நான் இறக்கியது 600. நெரிசலில் பலன் மறுபடி சரிந்தது. அதுவும் என் தப்புதான்.

அப்புறம்தான் உட்கார்ந்து கவனித்தேன். வானத்திலிருந்து தரைக்கு வரும் உதவி இரண்டு வகை. ஃபைட்டர்கள் ஒரு வட்டாரத்தில் வான் ஆதிக்கம் பிடித்துவிட்டால், கீழே ஒரு குண்டுகூடப் போடாமலே எதிரி டிவிஷன்களின் தற்காப்பும் ஊடுருவும் பலமும் குறையும், நடையும் மெதுவாகும். விளையாடுகிறவர்கள் காஸ் என்று சொல்லும் தரை ஆதரவு விமானங்களின் கதை வேறு: அந்த வட்டாரத்தில் தரைச் சண்டை நடந்தால்தான் அதில் சேர்ந்து எதிரியை நேரடியாக அடிக்கும், நம் படையின் தாக்குதலையும் ஏற்றிவிடும். ஆனால் மேலே நம் ஃபைட்டர் இல்லாவிட்டால் காஸ் வெறும் இரைதான். 1940 ஆகஸ்டில் பிரிட்டன் மேல் பறந்த ஜெர்மனியின் ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானங்களுக்கு நடந்ததும் இதுதானே. அதனால் காஸ் தயாரிப்பதற்கு முன்னால் ஃபைட்டருக்குத் தொழிற்சாலை ஒதுக்குங்கள், ரேடாரையும் மறக்காதீர்கள், எதிரி கண்ணில் பட்டால்தானே மறிக்க முடியும்.

சின்ன நாட்டை எடுத்து விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வானத்தில் போட்டியே போட முடியாது என்றால் ஒவ்வொரு டிவிஷனிலும் விமான எதிர்ப்புப் பிரிவு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். காஸையும் சுட்டு வீழ்த்தும், எதிரியின் வான் ஆதிக்கத்தால் வரும் பாதிப்பையும் குறைக்கும். நூற்றுக்கணக்கில் ஃபைட்டர் கட்டுவதைவிட எவ்வளவோ மலிவு.

இதில் எனக்குப் பிடிக்காதது, இந்தக் கணக்கெல்லாம் மவுஸை மேலே வைத்தால் மட்டும் தலைகாட்டும் குட்டிப் பெட்டிகளுக்குள் பதுங்கிக் கிடப்பது. புதிதாக வருகிறவர் தோற்றுத் தோற்றுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். 2022-ல் பை பிளட் அலோன் என்ற கூடுதல் தொகுப்போடு விமானத்தை நாமே வடிவமைக்கும் வசதியும் வந்தது. எஞ்சின், துப்பாக்கி, எரிபொருள் தொட்டி என்று கோர்த்துப் பார்ப்பது ஜாலிதான், எனக்கு அதிலேயே ஒரு ராத்திரி போனது. ஆனால் வான் போரைப் புரிந்துகொள்ள அது தேவையே இல்லை, அடிப்படை கேமே போதும்.

பொறுமை இருந்தால் தாராளமாக வாங்கலாம். டாங்கை ஓட்டிக்கொண்டு நேராக மாஸ்கோ போய்விடலாம் என்று நினைத்து வாங்கினால் ஸ்மோலென்ஸ்க்கில் சந்திப்போம்.