தொடை இடுக்கில் வலியா? முதுகை மட்டும் பார்த்து அனுப்பினால் உஷார்

தொடை இடுக்கில் வலி, நடக்கும்போது கால் இழுக்கிறது, சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. இவை சேர்ந்து வந்தால், "டிஸ்க் பிரச்சினை" என்று முதுகுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பதற்குச் சம்மதிக்காதீர்கள். என் தம்பிக்கு அப்படிப் பார்த்ததில் வலது இடுப்பு மூட்டே போய்விட்டது. இடது மூட்டும் போயிருக்கும்.

தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். 2021 மே மாதம் கொரோனா முற்றி ஆக்சிஜனில் இருந்தான். ஸ்டீராய்டு கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள், அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த வருடம் தொடை இடுக்கில் வலி ஆரம்பித்து முட்டி வரை இறங்கியது. ஊரில் பெயர் வாங்கிய ஒரு தனியார் எலும்பு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்தது. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் ஸ்கேன் எடுத்தால் இப்படித்தான் வரும். ஆனால் அங்கே அதோடு முடிவு கட்டிவிட்டார்கள். பெல்ட், நரம்பு மாத்திரை, பிசியோதெரபி, கடைசியில் முதுகில் ஸ்டீராய்டு ஊசி வரை போனது. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்ததை முதல் நாளே சொன்னோம், அவர்கள் சீட்டிலேயே எழுதியிருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் பணம் வாங்கியவர்கள், ஒருமுறைகூட அவனைப் படுக்கவைத்துக் காலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அவன் நன்றாகவே நொண்ட ஆரம்பித்த பிறகு இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். உடனே பேச்சு மாறிவிட்டது. இரண்டு பக்க மூட்டையும் ஒரே அட்மிஷனில் மாற்றிவிடலாம், பேக்கேஜ் இருக்கிறது, இந்த வாரமே அட்வான்ஸ் கட்டினால் சலுகை என்றார்கள். என்ன மூட்டு, எந்தக் கம்பெனி என்று கேட்டால், "ஜெர்மன் இம்போர்ட்டட்" என்பதைத் தவிர எழுத்தில் எதுவும் தரவில்லை.

கோவையில் வேறொரு டாக்டரிடம் காட்டினோம். தம்பியை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, காலை மெதுவாக ஒரு பக்கம் திருப்பினார். அவன் அலறிவிட்டான். "இது முதுகு இல்லைம்மா, இடுப்பு மூட்டு" என்றார். ஸ்டீராய்டு எடுத்தானா, குடிப்பானா, இடுப்பில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டுவிட்டு, இரண்டு இடுப்புக்கும் எம்.ஆர்.ஐ. எழுதினார். வந்தது ஏ.வி.என்., அதாவது அவாஸ்குலர் நெக்ரோசிஸ்.

தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்தம் போவது மெல்லிய குழாய்கள் வழியாக. அது தடைபட்டால் உள்ளே எலும்பு செத்துப்போகும். அதிக அளவு ஸ்டீராய்டு, அளவுக்கு மீறிய குடி, இடுப்பு எலும்பு முறிவு எல்லாம் இதற்குக் காரணமாகலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். தலை உருக்குலைவதற்கு முன்னால் கண்டுபிடித்தால், எலும்பில் துளையிட்டு உள்அழுத்தத்தைக் குறைக்கும் சிறிய ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, கோர் டிகம்ப்ரஷன் என்பார்கள். எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது. ஆனால் சொந்த மூட்டைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு. தலை அமுங்கிவிட்டால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய போய்விடும்.

தம்பிக்கு வலது பக்கம் அமுங்கிவிட்டது. இடது பக்கம் நோய் இருந்தாலும் உருண்டை உருண்டையாகவே இருந்தது. "வலதை மாத்தித்தான் ஆகணும். இடதை இப்பவே வெட்டி எடுக்கச் சொன்னது யாரும்மா?" என்று கோவை டாக்டர் கேட்டார். வலதை மாற்றி, இடதுக்குத் துளைதான் போட்டார். இளம் வயதில் செயற்கை மூட்டு வைத்தால் வாழ்நாளுக்குள் இன்னொரு முறை மாற்ற வேண்டிவரலாம். அதையும் அவர்தான் முதலில் சொன்னார். இத்தனை அவசரப்படுத்திய அந்த மருத்துவமனையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மூட்டு மாற்றுபவர்கள் ஒன்றை விடாமல் கேட்டு வாங்குங்கள்: பொருத்திய பாகங்களின் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர். கம்பெனி, மாடல், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். என்ற உலோக இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அது வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் ஏறத்தாழ 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. தன் உடம்புக்குள் இருப்பது எது என்று தெரியாமலே இருப்பவர்கள் அவர்கள்.

முதல் மருத்துவமனையில் ரெக்கார்டு கேட்டபோது இழுத்தடித்தார்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினோம், வந்துவிட்டது. அதை வைத்துத்தான் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். உங்களிடமும் இப்படி நகல் தர மறுத்தால், வாய்ப்பேச்சில் நேரம் போக்காமல் எழுத்தில் கேளுங்கள்.