தருமபுரியா, கிருஷ்ணகிரியா? பஸ் ஸ்டாண்டு லாட்ஜா, பைபாஸ் ஓட்டலா?

மாதத்தில் ஆறேழு ராத்திரி எனக்கு வெளியூர்ப் படுக்கைதான். சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கிற வேலை. கடை கடையாய் ஏறி இறங்கி, ஆர்டர் எழுதி, பழைய பாக்கியைக் கறந்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். கம்பெனி கொடுக்கும் படிக்குள் தங்க வேண்டும்; மேலே போனால் என் கைக்காசு. அதனால் இந்த இரண்டு ஊர் லாட்ஜுகளின் குணமும் எனக்கு அத்துப்படி. புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்கள் வாடகை எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். செக்-அவுட் எத்தனை மணிக்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் பழைய லாட்ஜுகளில் பெரும்பாலும் 24 மணி நேரக் கணக்கு. ராத்திரி 9 மணிக்கு ரூம் போட்டால் மறுநாள் ராத்திரி 9 வரை நம்முடையது. பகலெல்லாம் சுற்றிவிட்டு வந்து குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பலாம். பைபாஸ் ஓரத்தில் கண்ணாடி முகப்போடு எழும்பியிருக்கும் ஓட்டல்களில் பகல் 12-க்கு உள்ளே, மறுநாள் காலை 11-க்கு வெளியே. ஒருமுறை செல்போன் ஆப்பில் 1,400 ரூபாய்க்கு அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு விடியற்காலை 5:40-க்குப் போய் நின்றேன். "செக்-இன் 12 மணிக்குத்தான் சார். இப்பவே வேணும்னா அரை நாள் வாடகை சேரும்." சோபாவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து தூங்கி வழிந்தேன். அங்கிருந்து டவுனுக்கு ஆட்டோ 150, திரும்பி வர இன்னொரு 150. டவுனுக்குள் 600 ரூபாய் நான்-ஏசி சிங்கிள் எடுத்திருந்தால் இட்லிக் கடையே வாசலில் இருந்திருக்கும்.

ஆனால் குடும்பத்தோடு, சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு நான் பைபாஸ் ஓட்டலைத்தான் சொல்வேன். டவுன் லாட்ஜில் காரை நிறுத்த இடம் கிடைக்காது. மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் இருக்காது. கைப்பிடிச் சுவரில் வெற்றிலைக் கறை. வயதான அம்மாவை அதில் ஏற்றுவது பாவம்.

இனி ஊருக்கு வருவோம். 2004 பிப்ரவரி 9 வரை இரண்டும் ஒரே மாவட்டம். நடுவில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் தங்கும் விஷயத்தில் இரண்டும் இரண்டு மாதிரி.

கிருஷ்ணகிரி தூங்காத ஊர். சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை என்று நாலா பக்கச் சாலையும் அங்கே வந்து சேர்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கினாலும் டீ கிடைக்கும், ரூம் கிடைக்கும், ரிசப்ஷன்காரர் தமிழில் கேட்டு, தெலுங்கிலோ கன்னடத்திலோ பதில் வந்தால் அந்த மொழிக்குத் தாவுவார். ஒரே தொந்தரவு, தொலைதூர பஸ்களில் பல ஊருக்குள் வராது. பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும். இன்னொன்று, ஊரில் ரயில் நிலையம் கிடையாது. தருமபுரியில் உண்டு. சேலம் - ஓசூர் பாதையில் எர்ணாகுளம் இன்டர்சிட்டியும், 2023 டிசம்பர் கடைசியில் ஓடத் தொடங்கிய கோவை - பெங்களூரு வந்தே பாரத்தும் அங்கே நின்று போகின்றன. கோவைப் பக்கத்து ஆட்கள் பஸ்ஸில் முதுகை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தூங்குவதற்கு என் ஓட்டு தருமபுரிக்கு. பத்தரை மணிக்கு மேல் கடைத்தெரு அடங்கிவிடும். அதுவும் பின்பக்க ரூம் கேட்டு வாங்கினால்தான். முன்பக்க ரூமில் "சேலம் சேலம் சேலேம்" என்ற கூவல் கனவிலும் துரத்தும். எந்த ஊரானாலும் சித்திரை வைகாசியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ரூம் வேண்டாம்; பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி மேலே ஃபேன் சுற்றச் சுற்ற அனலைத்தான் இறக்கும். மார்கழி தை என்றால் ஏசிக்குக் கொடுக்கும் காசு தண்டம். கம்பளி கேளுங்கள்.

சாவி வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது கட்டிலை அல்ல, பாத்ரூம் வாளியை. வாளியின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் படிவு, குழாய் மூக்கில் உப்புக் கொத்து. அப்படியென்றால் போர் தண்ணீர். சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது, தலை சிக்குப் பிடித்த தேங்காய் நார் ஆகிவிடும். இந்த இரண்டு மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் அதிகம். கிராமங்களில் பழுப்பேறிய பற்களைப் பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஆகவே ரூம் பாயிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "தம்பி, குடிக்க வச்சிருக்கற ஜக்குல இருக்கறது போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா?" அவன் ஒரு கணம் யோசித்தால் கடையில் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். வெந்நீர் பல இடங்களில் காலை இரண்டு மணி நேரம்தான். வரும்போதே நேரம் கேட்டு வையுங்கள்.

பில் விஷயத்தில் டவுன் லாட்ஜ் சறுக்கும். 1,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள ரூமுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கை 2022 ஜூலை 18-ல் எடுத்துவிட்டு 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு 5 சதவீதம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத லாட்ஜ் பதிவே செய்ய வேண்டியதில்லை. அவர்கள் துண்டுச்சீட்டில் கார்பன் வைத்து எழுதித் தருவதை எங்கள் அக்கவுண்ட்ஸ் அம்மா சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார். பைபாஸில் அச்சடித்த பில், கேள்வி கிடையாது. ஆதார் நகல் மட்டும் எல்லா இடத்திலும் கேட்பார்கள்; கடைசி நான்கு இலக்கம் தெரிகிற மாதிரி மறைத்த ஆதாரைக் கொடுப்பது என் வழக்கம்.

எந்தக் கணக்கையும் முகூர்த்த நாள் கலைத்துவிடும். மண்டபக்காரர் மொத்தமாக ரூம்களை எடுத்துக்கொள்வார். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டைக் காலபைரவரைப் பார்க்க வரும் கூட்டத்தால் தருமபுரியில் நெருக்கடி. மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரியில் வியாபாரிகள். போன ஆடிப் பெருக்குக்கு முதல் நாள், தருமபுரியில் எனக்குப் பழக்கமான லாட்ஜுக்குப் போன் போட்டேன்.

"ஒகேனக்கல் கும்பல் எல்லாத்தையும் பிடிச்சிருச்சு சார். நம்ம வராண்டாவுலகூடப் பாய் போட்டுப் படுத்திருக்காங்க."

"ஒரு சிங்கிள் கூடவா இல்ல?"

"கிருஷ்ணகிரிக்குப் போயிருங்க சார். அங்க வேணும்னா நானே சொல்லி வக்கறேன்."

சொல்லியும் வைத்தார். பின்பக்க ரூம்தான். ஆனால் ஜன்னலுக்கு நேர் எதிரே பிளைவுட் அறுக்கிற பட்டறை.