படகே வேண்டாம்: பொனேர் தீவில் குடும்பத்தோடு எட்டு நாள் ஸ்கூபா

மூன்றாவது நாள் காலை. கரையிலிருந்து இருபதடிகூடப் போயிருக்க மாட்டோம். ஒன்றரை மீட்டர் ஆழத்திலேயே என் மகன் காதைத் தொட்டுக் காட்டி, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். தண்ணீருக்குள் 'சரியில்லை' என்பதற்கு அதுதான் சைகை. கொஞ்சம் மேலே ஏறி, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, மறுபடி இறங்கிப் பார்த்தோம். காது அடைப்பு விடவில்லை. தலையை வெளியே நீட்டியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "சாரிம்மா."

சாரி சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை. நாலு பேரும் திரும்பி நடந்து கரையேறினோம். டிரக்கின் பின்கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்து, அத்தை கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். ஒரு மணி நேரம் கழித்து, "இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்று அவனே கேட்டான். அந்தத் தடவை காது திறந்துகொண்டது.

இந்தத் தீவைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இதுதான். இரண்டு வருடம் முன்பு வேறொரு தீவில் படகில் போனபோது என் மகளுக்கு இதே காது வலி வந்தது. மற்றவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அவள் மட்டும் படகு மூலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். படகுக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு நேரம் முக்கியம். பொனேரில் அந்தக் கடிகாரமே இல்லை. குழந்தைகளோடு டைவ் செய்ய ஒரே ஓர் இடம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் இனி என் பதில் இதுதான்.

வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரீபியன் கடலின் தெற்கு ஓரத்தில் இருக்கிற சின்னத் தீவு, மொத்தம் 288 சதுர கிலோமீட்டர். 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனாலும் புழங்குவது அமெரிக்க டாலர். புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் நாங்கள் ஜூலையில் தைரியமாகப் போனோம். காற்று எப்போதும் கிழக்கிலிருந்து அடிக்கிறது. அதனால் மேற்குக் கரையில் கடல் குளம் மாதிரி கிடக்கும். டைவ் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

எப்படி நடக்கிறது என்றால், ஒரு பிக்கப் டிரக்கை வாடகைக்கு எடுக்கிறீர்கள். காலையில் டேங்குகளை ஏற்றிக்கொண்டு கரையோரச் சாலையில் போகிறீர்கள். வழியோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். பிடித்த இடத்தில் நிறுத்தி, அங்கேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நடந்தே தண்ணீருக்குள் இறங்க வேண்டியதுதான். கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினால் பவளத்திட்டின் விளிம்பு வந்துவிடும். டிரக்கைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கி, உள்ளே ஒரு பொருளும் வைக்காமல் போகச் சொல்வார்கள். அப்படியே செய்யுங்கள். பூட்டியிருந்தால் திருடன் கண்ணாடியை உடைப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்.

மகளுக்கு 14 வயது, மகனுக்கு 11. மகனுக்குப் பாடமும் நீச்சல்குளப் பயிற்சியும் ஊரிலேயே முடிந்திருந்தன. கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவ்களை இங்கே முதல் இரண்டு நாளில் முடித்தான். சொல்லிக்கொடுத்தவர் அந்தத் தீவுப் பெண். அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை "போக்கோ போக்கோ". பாப்பியமெந்து மொழியில் 'மெல்ல மெல்ல' என்று அர்த்தம். முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு வெளியேற்றும் பயிற்சியை அவன் ஏழு முறை செய்தான். ஏழு முறையும் அவர் முகத்தில் ஒரே பொறுமை. டைவ் பயிற்சிச் சான்றிதழ் தரும் பாடி (PADI) அமைப்பின் விதிப்படி 10, 11 வயதுப் பிள்ளைகள் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பெற்றோரோ பயிற்றுநரோ கூடவே இருக்க வேண்டும். பல இடங்களில் அந்த எல்லை ஒரு இழப்பாகத் தெரியும். பொனேரில் தெரியவில்லை, ஏனென்றால் வெயில் நன்றாக விழும் ஐந்து முதல் பன்னிரண்டு மீட்டருக்குள்தான் மீன் கூட்டமே.

அந்த மூன்றாம் நாளுக்கே வருகிறேன். இரண்டாவது தடவை இறங்கி ஐந்தாறு நிமிடம் இருக்கும், கரகரவென்று ஒரு சத்தம். முறுக்கை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கடிக்கிற மாதிரி. மகன் சுற்றுமுற்றும் பார்த்தான். கிளிமீன். முழங்கை நீளம், பச்சையும் ரோஜா நிறமும் கலந்த உடம்பு. அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அதன் வாலுக்குப் பின்னால் வெள்ளைப் புகை மாதிரி ஒன்று வந்து கீழே இறங்கியது. தின்ற பவளக்கல் மணலாக வெளியே வருகிறது! வெப்பக் கடல்களின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான் என்று பள்ளியில் படித்தானாம். படித்ததைக் கண்ணால் பார்த்த சந்தோஷத்தில், மூச்சு விட வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டருக்குள்ளேயே கத்தினான். எனக்குக் கேட்டது. திரும்பும் வழியில் ஓர் அழுங்காமை பஞ்சுயிரி (ஸ்பாஞ்ச்) ஒன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. எங்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நாங்களும் தள்ளியே நின்றோம்.

மீன்கள் இவ்வளவு அஞ்சாமல் இருக்கக் காரணம் உண்டு. ஈட்டியால் மீன் குத்துவது இங்கே 1971-லேயே தடை செய்யப்பட்டது. 1979-இல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும், 60 மீட்டர் ஆழம் வரை, தேசியக் கடல் பூங்காவாகிவிட்டது. நங்கூரம் போடக் கூடாது. டைவ் செய்பவர் கையுறை போடக் கூடாது, கையுறை இருந்தால் பவளத்தைப் பிடிக்கத் தோன்றும் என்பதால். ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனுக்கும் தடை. வந்ததும் விளக்கக் கூட்டம் கேட்டு, ஒரு சோதனை டைவ் முடித்த பிறகுதான் சுதந்திரமாகப் போக விடுவார்கள். பூங்காவைப் பராமரிக்கும் ஸ்டினாப்பா அமைப்புக்குப் பெரியவர்கள் ஆளுக்கு 40 டாலர் கட்டணம். இது போகத் தீவுக்குள் நுழையப் பெரியவர்களுக்கு 75 டாலர் வரி. சேர்த்துப் பார்த்தால் கை கடிக்கும்தான். ஆனால் அந்த 40 டாலரை நான் மனதாரக் கட்டினேன்.

அப்புறம், வருத்தமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பல பவளங்களில் வெள்ளைத் திட்டுகள். ஒரு மூளைப்பவளம், உட்கார்ந்தால் ஓர் ஆள் உயரம் இருக்கும், பாதி உயிரோடும் பாதி வெறும் எலும்பாகவும் நின்றது. கல்பவளத் திசு இழப்பு நோய் 2023-இல் இங்கே வந்துவிட்டது. அதனால் கருவிகளைக் கிருமிநாசினிக் கரைசலில் முக்கி எடுக்கச் சொல்கிறார்கள். அலுப்புப் படாமல் செய்யுங்கள். அந்த மூளைப்பவளத்தின் முன்னால் என் மகள் வெகுநேரம் அசையாமல் நின்றாள். அன்று மாலையிலிருந்து எங்கள் எல்லார் கருவிகளையும் அவள்தான் கழுவினாள்.

இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சால்ட் பியர். தெற்கே உப்பளங்கள் இருக்கின்றன. உப்பைக் கப்பலில் ஏற்றும் பாலத்தின் தூண்களுக்கு நடுவேதான் டைவ். கப்பல் நிற்கும்போது இறங்கக் கூடாது, அதனால் காலையில் ஒரு தடவை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. தூண்கள் முழுக்க ஆரஞ்சும் ஊதாவுமாகப் பஞ்சுயிரிகள். ஒரு தூணில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிற முட்டைகள். அவற்றைக் காவல் காத்த, விரல் நீளமே உள்ள சார்ஜண்ட் மேஜர் மீன் என் கணவரின் மாஸ்க்கை நோக்கிப் பாய்ந்து பாய்ந்து வந்தது. அவர் பின்வாங்கும் வரை விடவில்லை. கொஞ்சம் தள்ளி, ஒரு குழாய்க்குள்ளிருந்து புள்ளி போட்ட அஞ்சாலை மீன் தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆழமும் பெரிதாக இல்லை, மகன் கூடவே வர முடிந்தது.

தௌசண்ட் ஸ்டெப்ஸ் என்ற டைவ் இடத்தில் பெயருக்கேற்ற ஆயிரம் படி இல்லை, எழுபதுக்கும் குறைவுதான். டேங்கோடு திரும்பி ஏறும்போது ஆயிரம் என்று தோன்றும். ஹில்மா ஹூக்கர் என்ற 1984-இல் மூழ்கிய சரக்குக் கப்பல் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அது இல்லை. கணவர் மட்டும் ஒரு வழிகாட்டியோடு போய் வந்தார்.

குறைகள். மணல் கடற்கரையை எதிர்பார்த்து வராதீர்கள். இறங்கும் இடமெல்லாம் உடைந்த பவளக்கல், வழுக்கும் பாறை. அடி கெட்டியான பூட்ஸ் இல்லாமல் காலை வைக்க முடியாது. முட்டி வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். நாங்கள் தங்கிய இடத்தின் டைவ் கவுன்டரில் மகனுக்குக் கொடுத்த மிதவை ஜாக்கெட் பெரியவர் அளவு. பட்டையை எவ்வளவு இழுத்தாலும் தோளிலிருந்து காதுவரை ஏறியது. "சமாளித்துக்கொள்ளலாம்" என்றார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதில் கூடாது. நான் நகராமல் நின்றேன். அரை மணி நேரத்தில் சின்ன அளவு வேறொரு கடையிலிருந்து வந்தது. நீங்கள் முன்பதிவு செய்யும்போதே பிள்ளையின் உயரம், எடை இரண்டையும் எழுதி அனுப்பி, அளவு இருக்கிறது என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

அத்தைக்கு 66 வயது, டைவ் செய்வதில்லை, சைவம். அவருக்குப் பொழுது போகுமா என்று கவலைப்பட்டேன். சமையலறை உள்ள அறையாக எடுத்தது நல்லதாகப் போயிற்று. கடல்நீரைக் குடிநீராக்கித்தான் குழாயில் விடுகிறார்கள், அப்படியே குடிக்கலாம். இந்த ஊர்க்காரர்களின் ஃபுஞ்சி என்ற சோளமாவுப் பண்டத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "களிதானே இது" என்றார். மறுநாளும் அதையே கேட்டார். ரோஜா நிறத்தில் கிடக்கும் உப்பளத் தண்ணீரையும், தூரத்தில் வரிசையாக நிற்கும் பூநாரைகளையும் பார்க்க இரண்டு முறை கூட்டிப் போனோம். அதே சாலையில் அடிமைக் குடிசைகள் இருக்கின்றன. 1850-இல் கட்டிய கல் குடிசைகள், குனிந்துதான் நுழைய வேண்டும். உப்பு வாரிய அடிமைகள் அதில்தான் படுத்தார்கள். வாரக் கடைசியில் ரின்கோன் ஊரிலிருந்த குடும்பத்தைப் பார்க்க மணிக்கணக்கில் நடந்தார்கள். விடுதலை 1863-இல்தான். அத்தை ஒரு குடிசை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை. குடிசைக்கு எதிரே கடலில் டைவ் செய்யப் போகிறவர்கள் அங்கே ஐந்து நிமிடமாவது நில்லுங்கள்.

விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் டைவ் கூடாது. குறைந்தது 18 மணி நேரம் என்பார்கள், நாங்கள் 24 வைத்துக்கொண்டோம். அதனால் கடைசி நாள் கழுதைகள் சரணாலயத்தில் கழிந்தது. இரவு மட்டும் ஒரு வேலை மிச்சமிருந்தது. பௌர்ணமி கழிந்து நான்காம் நாள். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் ஆனதும், நிலா எழுவதற்கு முன் கிடைக்கும் இருட்டில், நாங்கள் தங்கிய இடத்தின் சின்ன மரத்துறையிலிருந்து ஸ்நார்கெல் என்ற மூச்சுக்குழாயோடு இறங்கினோம். டார்ச்சை அணைத்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மகனின் கைக்குப் பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி. அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று. மணி கோத்த மாதிரி மேல்நோக்கி ஏறி அணைந்தது. ஆஸ்ட்ரகாட் என்னும் கடுகளவு உயிரிகள், ஆண் பெண்ணை அழைக்கிற வெளிச்சம். ஒரு நிமிடத்தில் சுற்றிலும் நூற்றுக்கணக்கான சரங்கள்.

மரத்துறைப் படியில் காலைத் தண்ணீரில் வைத்து உட்கார்ந்திருந்த அத்தை, "ஏய், என் கால்கிட்டேயும் எரியுதுடா!" என்றார். மகன் நீந்திப் போய் அவர் பக்கத்துப் படியைப் பிடித்துக்கொண்டான். நிலா எழுந்து ஒவ்வொன்றாக அணையும் வரை இரண்டு பேரும் அங்கிருந்து அசையவில்லை.