'மாங்கா'வில் தொடங்கும் இத்தாலியப் பாட்டுப் புத்தகம்

மதுரை பழங்காநத்தத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கர்நாடகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் புத்தகம் எனக்காக வாங்கியதில்லை. என்னிடம் படிக்கிற பிளஸ் ஒன் பெண் சர்ச் கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல். மேற்கத்திய வாய்ப்பாட்டுப் பரீட்சை கொடுக்கப்போகிறாள். "நீங்களே சொல்லிக்குடுங்க டீச்சர்" என்று ஒரே பிடிவாதம்.

1832-ல் லண்டனில் வெளிவந்த பாடமுறை. எழுதியவர் நிக்கோலா வாக்காய், 1790-ல் தொலெந்தினோவில் பிறந்தவர். ரோமில் சட்டம் படிக்கப் போய், அதை உதறிவிட்டு நேப்பிள்ஸில் பைசியெல்லோவிடம் இசை கற்றார். 1825-ல் மிலானில் ரோமியோ ஜூலியட் கதையை ஓபராவாக்கினார், அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகமாக்கினார். ஐந்து வருஷம் கழித்து பெல்லினி என்ற இன்னொரு இசையமைப்பாளர், வாக்காய்க்குப் பாட்டெழுதிய அதே கவிஞரை வைத்து அதே கதையை எடுத்தார். வாக்காய் பெயர் அமுங்கிப்போனது. ஆனாலும் மாலிப்ரான் என்ற பெரிய பாடகி 1832-ல் பெல்லினியின் ஓபராவைப் பாடியபோது, கடைசிக் காட்சிக்கு மட்டும் வாக்காயின் இசையைத்தான் எடுத்துப் பாடினார். தொண்டைக்கு எது வாகு என்று பாடுகிறவளுக்குத் தெரியாதா! வெனிஸ், வியன்னா, பாரிஸ், லண்டன் என்று ஊர் ஊராகப் பாட்டு வாத்தியாராக இருந்தவர், 1838-ல் மிலான் இசைக் கல்லூரிப் பொறுப்புக்கு வந்தார். 1848-ல் காலமானார்.

இனி புத்தகம். மொத்தம் பதினைந்து பாடம். நாம் சரளி, ஜண்டை, தாட்டு என்று ஆரம்பப் பயிற்சிகளை மாதக்கணக்கில் ஸ்வரமாகவே பாடவைத்து, அப்புறம் வரும் கீதத்தில்தான் சாகித்தியத்தை, அதாவது பாட்டு வரிகளை, கண்ணில் காட்டுவோம். வாக்காய் முதல் பாடத்திலேயே மெதஸ்தாசியோ என்ற இத்தாலியக் கவிஞரின் கவிதையைக் கொடுத்துவிடுகிறார். 'மாங்கா சொல்லேச்சிதா' என்று ஆரம்பம்.

"என்ன டீச்சர், மாங்காயா?" அன்றைக்குப் பாட்டு அவ்வளவுதான், சிரிப்புதான்.

அர்த்தம் என்னவோ அணையப்போகிற விளக்கைப் பற்றியது. லேசாக மூச்சுக்காற்று பட்டாலே போய்விடுமாம். சொல்லை அவர் பிரித்து அச்சடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். 'மாங்–கா' இல்லை, 'மா–ங்கா'. மெய்யெழுத்தை அடுத்த ஸ்வரத்துக்குத் தள்ளிவிடுகிறார். அதுவரை 'மா'வின் அகாரம் அடைபடாமல் நீள வேண்டும். 'ஆ' என்று மட்டும் நீட்டிப் பாடி அகார சாதகம் செய்கிற நமக்கு இது சட்டென்று பிடிபடும். என் பிள்ளைகள் கீர்த்தனையில் 'ம்', 'ங்' வந்தவுடனே வாயை மூடிவிடுவார்கள். இப்போது அவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

சிக்கல் வேறு இடத்தில். அந்தப் பெண்ணுக்கு இது சங்கராபரண ராகமாகத்தான் காதில் விழுகிறது, மத்தியமத்தை, அதாவது 'ம' ஸ்வரத்தை, அசைத்துவிடுகிறாள். கீபோர்டு அசையாமல் நிற்கிறது. "நேரா நில்லும்மா" என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

ஆன்லைனில் ஆர்டர் போட்டபோது தாழ்ந்த குரலுக்கான பதிப்பு கேட்டேன், உயர்ந்த குரலுக்கானது வந்தது. திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை மூன்று தட்டு கீழே தட்டி ஓட்டுகிறோம். கூட வந்த சிடியைப் போட வீட்டில் இயந்திரமே இல்லை. புத்தகம் ஸ்டாண்டில் விரிந்து நிற்காமல் மூடிக்கொள்கிறது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டேன். இசை மட்டும் போதுமென்றால் பழைய பதிப்பு இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். உச்சரிப்பும் அர்த்தமும் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கலாம். வாத்தியார் இல்லாமல் தானே படிக்கிறவர்கள் வாங்க வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு. ஒன்பதாம் பாடத்துக்கு வந்திருக்கிறோம், மொர்தெந்தே. ஸ்வரத்தைப் பக்கத்து ஸ்வரத்தோடு சட்டென்று அசைத்துப் பாடும் அலங்காரம். இந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் குரல் தானாக அசைகிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை.